கண்ணாடி பாட்டிலை எடைக்குப் போட்டிருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

வியாசர்பாடி வாசி:
அம்மா பரணைக் காலி பண்ணப்போ ஒரு மூட்டை இறங்குச்சு. ஊறுகாய், தேன், ஹார்லிக்ஸ், இருமல் மருந்து, எல்லாம் கண்ணாடி. பழைய பேப்பர்காரர் எட்டிப் பார்த்துட்டு, "பீர் பாட்டில் இருந்தா குடும்மா, இது வேணாம்"னுட்டு மணியடிச்சுக்கிட்டே போயிட்டார். இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் வாங்குறவருக்கு இது மட்டும் ஏன் ஆகல?

காயலாங்கடை வீட்டுப் பையன், புளியந்தோப்பு:
அவர் மேல தப்பில்ல. உடையாத பீர் பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்புவாங்க, அதனால அதுக்கு எண்ணிக்கைக் கணக்குல காசு. ஊறுகாய் பாட்டில் உடைச்சு உருக்கத்தான் போகும். பாரம் ஜாஸ்தி, கிலோவுக்குக் கிடைக்கிறது சொற்பம். மூணு சக்கர வண்டி மிதிக்கிறவருக்கு எப்படிக் கட்டும்? நீங்களே கடைக்குக் கொண்டுபோங்க, பல கடையில எடுத்துக்குவாங்க.

வெள்ளை, பச்சை, பிரவுன் தனித்தனியா வைங்க. வெள்ளையில பிரவுன் கலந்தா புது பாட்டில்ல கலர் ஏறிடும். தகர மூடியைக் கழட்டிடுங்க. லேபிளைச் சுரண்டி நேரத்தை வீணாக்காதீங்க, அது உலையில எரிஞ்சுடும். முகம் பாக்குற கண்ணாடி, பல்பு, ஓவன் பாத்திரம், பீங்கான் கப் இதெல்லாம் சேரவே கூடாது. பீங்கான் துண்டு உருகாம கல்லா நிக்கும், பாட்டில் அந்த இடத்துலயே விரிசல் விடும். இதுக்காகவே எங்கப்பா மூட்டையைக் கொட்டிப் பாக்காம எடை போட மாட்டார். வர்றவங்க முறைப்பாங்க.

இவ்வளவு பாடும் வீணில்ல. உலையில போடுறதுல 10 சதவீதம் பழைய கண்ணாடியா இருந்தா, எரிபொருள்ல சுமார் 2.5 முதல் 3 சதவீதம் மிச்சம்.

தண்டையார்பேட்டை அக்கா:
உடைஞ்சதைப் பத்தி யாரும் பேசலையே. எங்க தெருவுல குப்பை வண்டி தள்ளுற அம்மா ஒருநாள் கையைக் காட்டினாங்க. யாரோ கவர்ல சுருட்டிப் போட்ட டம்ளர் சில்லு, கையுறையையும் தாண்டிக் கிழிச்சிருக்கு. தையல் போட்டும் மறுநாளே வேலைக்கு வந்துட்டாங்க. நான் இப்போ அட்டைப் பெட்டியில வெச்சு டேப் ஒட்டி, 'கண்ணாடி'ன்னு பெருசா எழுதி அவங்க கையிலயே கொடுக்குறேன். கவர்ல போட்டா அது கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வரைக்கும் எத்தனை பேர் கையைப் பதம் பார்க்குமோ.

வியாசர்பாடி வாசி:
நீலகிரியில 2022லேருந்து டாஸ்மாக் பாட்டில் விலையோட 10 ரூபா சேர்த்து வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அதைத் தந்துடுறாங்க. காட்டுல சில்லு கிடக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லி வந்தது. ஊறுகாய் பாட்டிலுக்கும் அப்படி வெச்சா தெருவுல ஒண்ணு கிடக்குமா?

காயலாங்கடை வீட்டுப் பையன்:
கிடக்காது. ஆனா ஊறுகாய் விலையைப் பார்த்துட்டு முதல்ல சண்டைக்கு வர்றது உங்கம்மாவாத்தான் இருக்கும்.