அம்மாவின் ரிப்போர்ட்டில் மார்புக்குள்ளேயே ஒரு நிணநீர்க் கணு: இது மூன்றாம் ஸ்டேஜா?

தஞ்சாவூர் மகள்
வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் 2.4 செ.மீ. கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியின் வகை: ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். அக்குளில் எதுவும் இல்லை என்கிறது ஸ்கேன். ஆனால் கடைசியில் ஒரு வரி: "2 மணி திசையில் இன்ட்ராமேமரி கணு, 9 மி.மீ., புறணி 4 மி.மீ., நடுக் கொழுப்பு தெரியவில்லை." தேடிப் பார்த்தால், நெஞ்செலும்புப் பக்கக் கணுவில் பரவினால் மூன்றாம் ஸ்டேஜ் என்று போட்டிருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். டாக்டரிடம் என்ன கேட்பது?

மீண்டவள்
தங்கச்சி, முதலில் அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டிப் படிங்க. நீங்க தேடிப் படித்தது "இன்டர்னல் மேமரி". அது விலா எலும்புக்குப் பின்னால், நெஞ்செலும்பை ஒட்டி இருப்பது. அம்மாவுக்கு எழுதியிருப்பது "இன்ட்ராமேமரி", மார்புத் தசைக்கு முன்னால், மார்புத் திசுவுக்குள்ளேயே இருப்பது. நானும் இதே குழப்பத்தில் ஒரு வாரம் அழுதேன். ஸ்டேஜ் போடும்போது இதை அக்குள் கணுக்களோடு சேர்த்துத்தான் எண்ணுவாங்க. அக்குளில் ஒன்றும் இல்லாமல் இது ஒன்றில் மட்டும் நோய் இருந்தால் என்1 (என் என்பது கணுவில் பரவிய அளவு). 2.4 செ.மீ. கட்டி டி2 (டி என்பது கட்டியின் அளவு). இரண்டும் சேர்ந்தால் இரண்டாம் ஸ்டேஜ் பி.

ஸ்கேன் மருத்துவர்
மேலே சொன்னது சரி. மார்பைக் கடிகார முகமாக நினைத்தால், இடது மார்பில் 2 மணி என்பது மேல் வெளிப்பக்கம், இந்தக் கணுக்கள் வழக்கமாக இருக்கும் இடம். நோயே இல்லாத பெண்களின் மேமோகிராமிலும் இவற்றை அடிக்கடி பார்க்கிறோம், பைராட்ஸ் 2, அதாவது கெடுதல் இல்லாதது என்று எழுதி அனுப்பிவிடுவோம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நல்ல கணு அவரைக்கொட்டை மாதிரி இருக்கும்: ஓரத்தில் மெல்லிய கறுப்பு விளிம்பு (அதுதான் புறணி), நடுவில் வெள்ளையாகக் கொழுப்பு.

அம்மாவுடையதில் விளிம்பு 3 மி.மீ.க்கு மேல் தடித்து, நடு வெள்ளையும் போயிருக்கிறது. சந்தேகப்பட வேண்டியதுதான். ஆனால் பயாப்சி ஊசி குத்திய பிறகு கணு தானாகவே வீங்குவதும் உண்டு. அதனால் ஸ்கேன் பார்த்தபடியே அந்தக் கணுவில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே செய்யுங்கள். இதில் நோய் இருந்தால் அக்குளிலும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்தாலும் அக்குளைச் சோதிக்காமல் விடக்கூடாது.

ஒருவேளை கீமோதான் முதலில் என்று முடிவானால், அதற்கு முன் கணுவுக்குள் சின்ன உலோகக் கிளிப் வைக்கக் கேளுங்கள். கீமோவில் கணு சுருங்கிப்போனால் அப்புறம் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

மீண்டவள்
இன்னொன்று. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுப்பதாக இருந்தால், இந்தக் கணுவும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்க. எனக்குக் கட்டி ஓரிடம், கணு 4 செ.மீ. தள்ளி. நான் கேட்ட பிறகுதான் அதைத் தனியாகக் குறி வைத்து எடுத்தாங்க. முழு மார்பும் எடுத்தாலும், உள்ளே கணு இருக்கிறது என்று நோயியல் டாக்டருக்குப் போகும் சீட்டில் எழுதச் சொல்லுங்க.

தஞ்சாவூர் மகள்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஊசிப் பரிசோதனையில் அந்தக் கணுவில் நோய் இருந்தது. அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அது எந்தப் பக்கம், காட்டு" என்று கேட்டு, என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்.

கட்டியையும் கணுவையும் எடுத்தார்கள். நீலச் சாயம் செலுத்தி, மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் 2 முதல்நிலைக் கணுக்களையும் அக்குளில் எடுத்தார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனதும் அம்மா பயந்துவிட்டார். சாயம்தான், போய்விடும் என்றார் நர்ஸ் அக்கா.

நேற்று ரிப்போர்ட் வந்தது. அக்குள் கணு இரண்டிலும் நோய் இல்லை. மார்புக்குள் இருந்த ஒன்றில் மட்டும். என்1 என்றே எழுதியிருக்கிறார்கள். கீமோ தேவையா, ரேடியேஷன் அக்குள் வரைக்கும் கொடுக்க வேண்டுமா என்று வியாழக்கிழமை டியூமர் போர்டில், அதாவது எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து பேசும் கூட்டத்தில் பேசுகிறார்கள். அக்கா, டாக்டர், உங்கள் இருவரின் பதிலையும் பிரிண்ட் எடுத்து அம்மாவின் ஃபைலில் வைத்திருக்கிறேன்.