மறு: மறு: லேயருக்குத் தமிழ்ல என்ன? சனிக்கிழமைக்குள்ள வேணும்

ஞாயிறு வகுப்பு, புதன் இரவு

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

எங்க ஊர் கிளை நூலகத்துல ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன்னு முன்னாடி எழுதியிருந்தேன். வாரம் ஒரு மென்பொருள், எல்லாமே காசில்லாம கிடைக்கிறதுதான். மொத வாரம் டக்ஸ் பெயிண்ட், மவுஸ் பிடிச்சுப் பழக, பேரப்பிள்ளைங்களும் கூடவே வந்து உக்காந்துக்கிச்சுங்க. அடுத்தது லிப்ரே ஆபீஸ் கால்க்ல பால் கணக்கு, சீட்டுக் கணக்கு. அப்புறம் ஸ்டெல்லேரியம், ரோகிணி எங்க, கார்த்திகை எங்கன்னு ஆளாளுக்கு அவங்கவங்க நட்சத்திரத்தைத் தேடி அன்னைக்கு வகுப்பு முடிய மத்தியானம் 1 மணி ஆயிருச்சு. போன வாரம் ஆடாசிட்டில ஒரு பெரியம்மா தாலாட்டு பாடிப் பதிவு பண்ணாங்க, அதைத் திரும்பப் போட்டுக் கேட்டப்ப ரூமே அமைதியாயிருச்சு.

வர்ற ஞாயிறு ஜிம்ப். பழைய கல்யாண போட்டோவை ஸ்கேன் பண்ணி கறையும் கீறலும் எடுக்கணும். லேயர்னா என்னன்னு புரியாம இதுல ஒரு அடி நகர முடியாது. அசல் அடியில அப்படியே இருக்கணும், அது மேல ஒரு நகல், திருத்தம் பூரா நகல்லதான், பக்கத்துல இருக்கிற கண் படத்தை அமுக்கினா நகல் மறைஞ்சு அசல் தெரியணும். வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ரெண்டு பக்கம் கைத்தாள் எழுதி முடிச்சுட்டேன், இந்தச் சொல் வர்ற 14 இடத்துல மட்டும் கோடு போட்டு விட்டிருக்கேன். தாள்னு எழுதிரலாம்னு பாத்தா கால்க் வகுப்புல ஷீட்டுக்கு தாள்னு சொல்லிக் குடுத்துட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஜெராக்ஸ் எடுத்தாகணும். ஒரு சொல் குடுங்க.

மொழிபெயர்ப்புத் தம்பி, புதன் இரவு

அக்கா, மென்பொருளைத் தமிழாக்குற நாங்க அடுக்குன்னுதான் போடுறோம், நீங்களும் அதையே போட்டுருங்க. ஆனா ரெண்டு சிக்கல் இருக்கு, முன்னாடியே சொல்லிடுறேன். ஒண்ணு, புரோகிராம் எழுதுறவங்க ஸ்டேக்குக்கும் அடுக்குன்னு எழுதுறாங்க, தட்டு மேல தட்டு வச்சு மேல இருக்கிறதை மொதல்ல எடுக்கிற கணக்கு. ரெண்டாவது, மெனுவுல அடுக்குன்னு தனியா நின்னா அது பெயரா ஏவலான்னு தெரியாது. பக்கத்துலயே திற, சேமி, மூடுன்னு இருக்கும், அந்த வரிசைல அடுக்குன்னா 'எதையோ அடுக்கி வை'ன்னு படிப்பாங்க. படின்னு எழுதினா நகலா வாசிக்கவான்னு குழம்புற அதே கதைதான். வேணும்னா மெனுவுல அடுக்குகள்னு பன்மையாப் போடுங்க.

தமிழாசிரியர், வியாழன் காலை

அம்மா, நல்ல கேள்வி. அவசரத்தில் அடுக்கு என்று எழுதிவிட வேண்டாம்.

அடு என்ற அடிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று சமைத்தல்: அடுப்பு, அடுக்களை. மற்றது நெருங்குதல்: அடுத்த வீடு, அடுத்து வந்தான். அடுக்கு இந்த இரண்டாவது வழியில் வந்தது. சங்கப் பாட்டில் மலைப்பக்கத்தை அடுக்கம் என்பார்கள், பாறைமேல் பாறையாக நெருங்கிக் கிடக்கிற இடம். ஆக இந்தச் சொல்லில் கனம் இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, ஆனால் ஊடே பார்க்கும் தன்மை இல்லை. நீங்கள் சொல்லும் பொருளோ மேலே கிடந்தாலும் கீழே உள்ளதைக் காட்டக்கூடியது.

அதற்கு ஏடு என்று வையுங்கள். காய்ச்சிய பால் ஆறினால் மேலே படிவது ஏடு, சில ஊரில் ஆடை என்பார்கள். பனையோலையும் ஏடு. பூவிதழும் ஏடு. மூன்றுக்கும் பொது, மெல்லியதாக இருப்பதும் தனியே எடுக்க வருவதும். மேலேடு, அடியேடு என்று புணர்ச்சியும் தடங்கலில்லாமல் வரும். கிராமத்துப் பாட்டிக்கும் பாலேடு தெரியும், அவருக்கு இதைவிட நெருக்கமான சொல் எதுவும் இல்லை.

ஈரோடு பிளக்ஸ் கடை, வியாழன் மத்தியானம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. 18 வருசமா டிசைன் வேலை பண்றேன். எங்க தொழில்ல லேயர்னுதாங்க பேச்சு. "லேயரோட ஃபைல் குடுங்க", "லேயரை லாக் பண்ணு", "எல்லாத்தையும் ஒண்ணா பிளாட் பண்ணிக் குடுத்துட்டான், இப்ப பேர் மாத்த முடியல". பத்தாவது பெயிலான பையன் வேலைக்குச் சேந்தா கூட ரெண்டு நாள்ல லேயர்ங்கிறான், அவனுக்கு இங்கிலீஷ் தெரியும்னு சொல்ல முடியாது. சொல்லு பொருளோட சேந்து வந்தா ஒட்டிக்கும். அந்தம்மாக்கள் நாளைக்கு யார்கிட்டயாவது சந்தேகம் கேக்கணும்னா, யூடியூப்ல தேடணும்னா லேயர்னு சொன்னாத்தான் கிடைக்கும். ஏடுன்னு தேடுனா பால்கோவா வீடியோ வரும்.

ஐயா சொன்ன அடுக்கம், பெரியகுளத்துலருந்து கொடைக்கானல் ஏறுற ரோட்டுல ஊர் பேரே அடுக்கம்னு இருக்குதுங்களே, அதுதானுங்களா?

தமிழாசிரியர், வியாழன் மாலை

>> ஊர் பேரே அடுக்கம்னு இருக்குதுங்களே

அந்த ஊரின் பெயர்க்காரணம் எனக்குத் தெரியாது, ஆனால் மலைச்சரிவில் அந்தப் பெயர் நிற்பதே எவ்வளவு பொருத்தம் பாருங்கள். குறிஞ்சிப் பாட்டில் படித்த சொல்லைப் பேருந்துப் பலகையில் பார்க்கிற பேறு எத்தனை மொழிக்காரருக்கு வாய்க்கும்! சொல் சாவதில்லை, ஊர்ப்பெயரிலும் சமையற்கட்டிலும் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் லேயர் என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இணையம் என்ற சொல்லைச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி கொடுத்தபோதும் இன்டர்நெட் என்றால்தான் எல்லாருக்கும் புரியும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இன்று பால்காரர்கூட இணையம் என்கிறார்.

டொரன்டோவிலிருந்து, வியாழன் இரவு

வணக்கம். யாழ்ப்பாணத்திலை நாங்கள் ஓசோன் படை எண்டுதான் படிச்சனாங்கள். வளிமண்டலத்துக்கும் படை, பாறைக்கும் படை. உங்கடை பாடப்புத்தகத்திலை ஓசோன் படலம் எண்டு இருக்கு, அது ஏன் எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை. படை ரெண்டே எழுத்து, திரையிலை சின்ன இடத்துக்கை அடங்கும், ஏவலோ பெயரோ எண்ட குழப்பமும் பெரிசா வராது. மேற்படை, கீழ்ப்படை, படைப்பட்டியல் எல்லாம் சொல்லலாம். இருக்கிற சொல்லை விட்டிட்டு ஏன் புதுசாத் தேடுறியள்?

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலை அமெரிக்க மிசன் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலையே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலை படிப்பிச்சவர், புத்தகமும் தமிழாக்கி அச்சடிச்சவர். அந்த வழியிலை வந்த சொல்லுகள் எங்களிட்டை நிறைய இருக்கு. தமிழ்நாட்டிலை கலைச்சொல் ஆக்கேக்கை ஒருக்கா இந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்கோ.

மொழிபெயர்ப்புத் தம்பி, வெள்ளி காலை

அண்ணா, படை சுருக்கமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா இங்க படைன்னா ஒண்ணு ராணுவம், இல்லன்னா படை தேமல் அரிப்பு. "உங்கள் படத்தில் மூன்று படைகள் உள்ளன"ன்னு திரையில வந்தா மருந்துக்கடைக்குத்தான் போவாங்க. ஏவல் குழப்பமும் போகலை, சாமிக்குப் படைன்னு சொல்றோமே.

ஐயா, ஏடு அழகா இருக்கு, ஆனா நாளேடு, பதிவேடு, குறிப்பேடுன்னு எல்லா இடத்துலயும் அது புத்தகமாயிருச்சு. நகல் லேயரை நகலேடுன்னு எழுதினா காப்பி நோட்டுன்னு படிப்பாங்க. அண்ணா சொன்னதுலருந்தே எடுத்துக்கிட்டா படலம் எப்படி? மெல்லிசுங்கிற பொருள் இருக்கு, பள்ளிக்கூடத்துல கேட்ட சொல், ஏவல் குழப்பம் சுத்தமா இல்லை.

தனித்தமிழ் அன்பர், வெள்ளி காலை

படலம் வடசொல். பால் படியும் அழகிய ஏடு இருக்க, வடமொழிப் படலத்தை ஏன் தூக்கி வருகிறீர்கள்? லேயருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, ஒன்று மேற்கிலிருந்து வந்தது, மற்றது வடக்கிலிருந்து வந்தது. எளிமை எளிமை என்று சொல்லியே மொழியில் பாதியைக் கொடுத்துவிட்டோம். என் வாக்கு ஏட்டுக்கு.

தமிழாசிரியர், வெள்ளி மத்தியானம்

என் பக்கம் நிற்பவருக்கு நன்றி, ஆனால் படலத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. படு, படி, படர், படல் என்று ஒரு குடும்பமே நம்மிடம் இருக்கிறது. வேலிக்கும் வாசலுக்கும் கட்டுகிற ஓலைப் படல் எந்த ஊர்ச் சொல்? மேலே பரவி மறைப்பது படலம். வடமொழியிலும் இருக்கிறது என்பதாலேயே அங்கிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. அப்படியே வடசொல் என்று வைத்துக்கொண்டாலும், வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திவிட்டால் சொல்தான் என்று தொல்காப்பியரே எச்சவியலில் இடம் விட்டிருக்கிறார். கம்பன் ஆற்றுப் படலம், நாட்டுப் படலம் என்று பாடிவிட்டான், நாம் எதற்கு அஞ்சுகிறோம்?

இந்தச் சண்டை புதிதும் அல்ல. மறைமலையடிகள் தனித்தமிழைத் தொடங்கிய அதே 1916இல்தான் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்களுக்குச் சொல் புரிந்தால் போதும், இவருக்குச் சொல் தமிழாக இருக்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாகியும் இரண்டு கட்சியும் இந்தக் குழுவிலேயே இருக்கிறது. இருந்தும் எனக்கு ஏடுதான்.

ஞாயிறு வகுப்பு, வெள்ளி இரவு

ஐயா, எல்லாத்தையும் படிச்சேன், சிலதை ரெண்டு தடவை. படலம் எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு, அதனால இன்னைக்குச் சாயங்காலம் வகுப்புக்கு வர்ற ஒரு பாட்டிகிட்ட சொல்லிப் பாத்தேன். "படலத்துக்குப் பக்கத்துல கண்ணு படம் இருக்கும் பாட்டி, அதை அமுக்கினா படலம் மறையும்"னு சொன்னேன். அவங்க கை தானா கண்ணுக்குப் போயிருச்சு. போன மாசம்தான் கண்ணாஸ்பத்திரில படலம் எடுத்துட்டு வந்திருக்காங்க. "எனக்குத்தான் எடுத்துட்டாங்களே"ன்னாங்க. அறுபது வயசு தாண்டினவங்க நிறைய வர்ற வகுப்புல கண்ணு படத்துக்குப் பக்கத்துல அந்தச் சொல்லை எழுத எனக்கு மனசு வரலை.

ஏடு சொன்னேன், "எந்த ஏடு?"ன்னு கேட்டாங்க. அடுக்குன்னேன், எதுவும் கேக்கலை. "நாலடுக்கு கேரியர் மாதிரியா"ன்னாங்க. மாதிரின்னேன், ஆனா ஐயா சொன்னது சரி, கேரியர்ல மேல் அடுக்கு வழியா கீழ் அடுக்கு தெரியாது. அதுக்கு வேற விளக்கம் வேணும். ஆனா இன்னொரு விஷயத்துக்குக் கேரியர் ரொம்ப நல்லா உதவுது. ஜிம்ப்ல அதோட சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப்பா சேமிச்சா லேயர் எல்லாம் தனித்தனியா இருக்கும், வாட்ஸப்ல அனுப்ப ஜேபெக்கா ஏற்றுமதி பண்ணா எல்லாம் ஒண்ணாயிரும். கேரியர்ல சோறு தனி சாம்பார் தனி, இலைல கொட்டிப் பிசைஞ்சிட்டா திரும்பப் பிரிக்க முடியாது, அதனால கேரியரைப் பத்திரமா வச்சுக்கோங்கன்னு ஒரே வரில முடிஞ்சிருது. இதை ஏட்டை வச்சு என்னால சொல்ல முடியலை.

நாளைக்கு மத்தியானம் ஜெராக்ஸ். இதுவரைக்கும் எழுதினவங்களைப் பாத்தா அடுக்குக்கு நானும் தம்பியும், லேயருக்கு ஈரோட்டு அண்ணன், ஏட்டுக்கு ரெண்டு பேர், படைக்கு ஒருத்தர்.

ஈரோடு பிளக்ஸ் கடை, வெள்ளி இரவு

நம்ம ஓட்டை அடுக்குக்கு மாத்திக்குங்க அக்கா. ஆனா மொத தடவை வர்ற இடத்துல அடுக்கு, லேயர் ரெண்டையும் சேத்து எழுதுங்க. இன்னொண்ணு, அழிப்பானைப் பத்தி எழுதிட்டீங்களா? ஸ்கேன் பண்ண படத்துல ஆல்ஃபா, அதாவது ஊடே தெரியவைக்கிற தன்மை, இருக்காது, அழிச்சா அடியில இருக்கிறது தெரியாம பின்னணிக் கலர்தான் பூசும். புதுசா வர்றவங்க அங்கதான் பயந்துபோயி நிறுத்திடுவாங்க. அடுக்குக்கு ஆல்ஃபா சேக்கச் சொல்லிட்டு அப்புறம் அழிக்கச் சொல்லுங்க.

டொரன்டோவிலிருந்து, சனி காலை

அவசரம் விளங்குது, அடுக்கு எண்டே போடுங்கோ. ஆனால் குழுவின்ரை சொற்பட்டியலிலை ஏத்தேக்கை படையையும் பக்கத்திலை எழுதவேணும். இலங்கையிலை பிள்ளைகள் படிக்கிற சொல்லை வழக்கில்லாத சொல் எண்டு விடேலாது. இதிலை நான் விட்டுக்குடுக்கமாட்டன்.

ஞாயிறு வகுப்பு, ஞாயிறு இரவு

அண்ணா, பட்டியல்ல ரெண்டும் இருக்கட்டும், நானே சேத்துர்றேன்.

வகுப்பு முடிஞ்சுது. 22 பேர் வந்தாங்க. ஈரோட்டு அண்ணன் சொன்ன ஆல்ஃபா விஷயத்தைக் கடைசி நேரத்துல சேத்தேன், இல்லன்னா பாதிப் பேர் மாட்டியிருப்பாங்க. ஊடே தெரியுறதை எப்படிப் புரியவைக்கிறதுன்னு நின்னப்ப, ஆரி ஒர்க் பண்ற ஒரு அக்கா எந்திரிச்சு "இது நாங்க டிசைன் வரையிற ட்ரேசிங் பேப்பர்தானே, அடியில டிசைன் தெரியும், மேல வரைவோம்"னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் விளக்க வேண்டிய வேலையே இல்லை. அவங்க கடைசி வரைக்கும் மேல் பேப்பர்னுதான் சொன்னாங்க, பக்கத்துல இருந்தவங்களுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தாங்க. பாட்டி அடுக்குன்னாங்க. பேரப்பசங்க லேயர்னாங்க. ஏடுன்னு யாரும் சொல்லலை ஐயா, மன்னிக்கணும். பாட்டியோட கல்யாண போட்டோல தாத்தா நெத்தில இருந்த கறை போயிருச்சு, கண்ணை அமுக்கி அமுக்கிப் பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

கைத்தாளை இணைச்சிருக்கேன்.

தமிழாசிரியர், திங்கள் காலை

அம்மா, பாட்டி மகிழ்ந்தார் என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. என் சொல் ஏடுதான், அதைப் பட்டியலில் மூன்றாவதாகவாவது எழுதிவையுங்கள்.

கைத்தாளைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று இடத்தில் 'அடுக்கு பட்டியல்' என்று இருக்கிறது. அடுக்கு வன்றொடர்க் குற்றியலுகரம், வலி மிகும். அடுக்குப் பட்டியல். அடுத்த முறை நகல் எடுப்பதற்கு முன் திருத்திவிடுங்கள்.

ஞாயிறு வகுப்பு, திங்கள் காலை

திருத்திட்டேன் ஐயா. குடுத்த 22 தாளையும் அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லி பேனால ப் போட்டுர்றேன்.