மாலையில் நகர மரங்களில் வந்து அடையும் சூறைக்குருவிகள்: எங்கே நின்று பார்ப்பது?

மாடிப்பறவை:
கொஞ்ச நாளாக மாலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய மரங்களில் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் வந்து அடைகின்றன. வந்ததும் உட்காருவதில்லை, வானத்தில் சுழன்று, திடீரென ஒரு பக்கம் சாய்ந்து, கறுத்து, மறுபடி விரிகின்றன. ஏன் இப்படி? மரத்தடியில் நின்றால் எச்சம்தான் விழுகிறது, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. எண்ணிக்கை எடுக்கவும் ஆசை.

ஈரநிலம்:
மரத்தடியை விட்டு முதலில் வெளியே வாருங்கள். மேற்கு வானம் திறந்து தெரிகிற மொட்டைமாடி எதுவானாலும் போதும். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே போய்விடுங்கள், ஏனென்றால் அவை நேராக அடைய வருவதில்லை, முதலில் மின்கம்பி, கோபுரம், இலையில்லாத மரம் என்று அங்கங்கே கூடி, அப்புறம்தான் மொத்தமாகக் கிளம்பும். அந்தக் கூடலைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். பைனாகுலரை உடனே எடுக்காதீர்கள், கூட்டத்தின் வடிவம் வெறும் கண்ணுக்குத்தான் தெரியும்.

சுழல்வதற்கு முக்கியக் காரணம் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் என்று கருதுகிறார்கள். கூட்டமாகத் திரும்பும்போது ஒற்றைப் பறவையைக் குறிவைப்பது கடினம். ரோமில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடத்தின் கூரையிலிருந்து இவற்றின் உறவான ஸ்டார்லிங் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றி மிக அருகிலுள்ள ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது என்று 2008இல் வெளியிட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜார்ஜோ பாரிசிக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. தலைவன் என்று எந்தப் பறவையும் இல்லாமலே அத்தனையும் ஒன்றாகத் திரும்புவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

கணக்குப்பிள்ளை:
சுழலும்போது எண்ணவே எண்ணாதீர்கள். வரிசையாக வந்துசேரும் கூட்டத்தில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அதை நூறாக்கி, பிறகு நூறு நூறாகப் போங்கள். திசைக்கு ஒரு ஆள் இருந்தால் இரட்டிப்பாக எண்ணுவது குறையும். ஐயம் வந்தால் குறைவான எண்ணையே இபேர்டில் (பறவைக் கணக்குகளைப் பதியும் இணையதளம்) பதியுங்கள். கூட்டத்தில் மைனாக்களும் கலந்திருக்கும், அவற்றைக் கழித்துவிடுங்கள். விடியலிலும் ஒருமுறை போங்கள், அலை அலையாகக் கிளம்பும். அமெரிக்காவில் பர்ப்பிள் மார்ட்டின் என்ற தகைவிலான் இனப் பறவையின் கூட்டங்கள் அப்படிக் கிளம்புவது வானிலை ரேடாரிலேயே வளையமாகத் தெரிகிறது.

தகைவிலான்:
ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், படத்துக்காகக் கைதட்டியோ பிளாஷ் அடித்தோ கிளப்பாதீர்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்தவை, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போக உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டும், இருட்டில் வீணாகப் பறந்தால் அதுதான் கரையும். காய்ந்த எச்சத்தின் தூசியில் பூஞ்சை இருக்கலாம், அதை அப்படியே பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொல்லுங்கள்.

மாடிப்பறவை:
நன்றி. அங்கே கடை வைத்திருப்பவர்கள் கிளைகளை வெட்டச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்களாம்.

தகைவிலான்:
வெட்டாதே என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள், அவர்களுடைய தொல்லையும் உண்மைதான். ஏப்ரல் தாண்டும்வரை தள்ளிப்போடும்படி எழுதிக் கொடுங்கள், கூடவே உங்கள் எண்ணிக்கையையும் தேதியோடு இணையுங்கள்.