புதுப்பிப்பு: கொச்சபாம்பாவில் ஸ்பானிஷ் பேசப் பழகியது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பொலிவியாவுக்கு ஊழியத்துக்கு வந்திருக்கிறேன், வகுப்பில் ஸ்பானிஷ் புரிகிறது, ஆனால் சபையிலும் சந்தையிலும் பேச வாய் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வீடு சந்திக்கப் போனால் தயங்காமல் பேசி ஜெபிக்க முடிகிறது.

கைகொடுத்தது, மனப்பாடமாகத் தெரிந்த வேதபகுதிகளை ஸ்பானிஷில் தினமும் சத்தமாக வாசிக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். 23ஆம் சங்கீதம், மலைப்பிரசங்கம் என்று தொடங்கினேன்; பொருள் ஏற்கெனவே நெஞ்சில் இருப்பதால் அகராதியைத் தேடாமலே வாக்கிய அமைப்பு பதிந்துவிடுகிறது. ஒன்றைக் கவனியுங்கள். சபைகளில் அதிகம் புழங்கும் ரெய்னா-வலேரா 1960 ஸ்பானிஷ் வேதாகமப் பதிப்பில் 'நீங்கள்' என்ற பன்மை முன்னிலைக்கு 'வோசோத்ரோஸ்' வரும், இங்கே பேச்சில் 'உஸ்தேதெஸ்'தான், அதனால் பேசிப் பழக 'தியோஸ் அப்லா ஓய்' பதிப்புக்கு மாறிக்கொண்டேன். செயலிகள் சொல் சேர்க்க உதவின, அவ்வளவுதான்.

எதிர்பாராதது கெச்சுவா என்ற பூர்வகுடி மொழி. நகரை விட்டு மலைக் கிராமங்களுக்குப் போனால் பாட்டிமார் மனம்விட்டுப் பேசுவது அந்த மொழியில்தான். 2009 அரசியலமைப்பு ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழியாக ஏற்றிருக்கிறது, இதை வருவதற்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சபையிலுள்ள ஒரு சகோதரியிடம் இப்போது கற்று வருகிறேன். ஆண்டிஸ் பகுதிக்கு வரப்போகிறவர்கள் முதலில் ஸ்பானிஷைப் பிடியுங்கள், அப்புறம் உடனே கெச்சுவாவோ, இன்னொரு பூர்வகுடி மொழியான அய்மாராவோ, போகும் ஊரில் எது பேசுகிறார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள்.