கைமீராவுக்குத் தமிழ்ச்சொல்: யாளியா, ஒட்டிழையா?

வணக்கம்ங்க ஐயா,

பி.சி.ஆர் முறையில் டி.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கும்போது, இரண்டு வெவ்வேறு டி.என்.ஏவின் துண்டுகள் தவறாக ஒட்டி ஒரே இழையாகிவிடுவதைக் 'கைமீரா' என்கிறார்கள். அதற்கு நீங்கள் சொன்ன 'யாளி' எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கிரேக்கக் கதையின் கைமீராவில் சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்திருக்கும். நம் கோயில் தூண் யாளிக்குச் சிங்க உடலும் யானைத் துதிக்கையும். பொருத்தம் அழகுதான். ஆனால் இந்த டி.என்.ஏ எப்படி உண்டாகிறது என்பது அந்தப் பெயரில் இல்லை. என் மாணவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

போன பருவத்தில் ஒரு மாணவி நொய்யல் கரைச் சேற்றிலிருந்து பாக்டீரியாக்களை இனம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் பெருக்கினார். சுமார் 1,500 எழுத்து நீளம். ஒரு வரிசை மட்டும் தரவுத்தளத்தில் எதனோடும் முழுதாகப் பொருந்தவில்லை. புது இனம் என்று ஓடிவந்தார். இரண்டாக வெட்டித் தேடச் சொன்னேன். முதல் 800 எழுத்து ஒரு பாக்டீரியாவுடையது, மிச்சம் வேறொன்றுடையது. பாவம், அன்று அரைநாள் யாரோடும் பேசவேயில்லை.

நடப்பது இதுதான். 72 டிகிரியில் நகலெடுக்கும் நொதி புது இழையை நீட்டிக்கொண்டே போகும்போது, நேரம் போதாமலோ வார்ப்புரு (பார்த்து நகலெடுக்கும் மூல இழை) சேதமாகியோ பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த சுற்றில் 95 டிகிரிச் சூட்டில் இழைகள் பிரிகின்றன. சூடு தணியும்போது அந்த அரைகுறை இழை தன் பழைய வார்ப்புருவுக்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. 16எஸ் மரபணுவில் எல்லாப் பாக்டீரியாவுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் பகுதிகள் உண்டு. அங்கே வேறொன்றின் வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டு, தானே பிரைமர்போல (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுபோல) நின்று, மீதியை அதிலிருந்து நீட்டிக்கொள்கிறது. இரு முனையிலும் பிரைமர் ஒட்டும் இடம் இருப்பதால் அப்புறம் நல்ல இழைகளோடு சேர்ந்து அதுவும் பெருகும். கடைசிச் சுற்றுகளில் பிரைமர் குறைந்து அரைகுறை இழைகள் மலிவதால் தொல்லை கூடுகிறது. சுற்றைக் குறைத்து, நீட்டும் நேரத்தைக் கூட்டினால் மட்டுப்படும்.

சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது உடனே புரியும். பாவில் ஓர் இழை அறுந்து, பக்கத்து நிறத்து இழையோடு தவறாக முடிச்சுப் போட்டுவிட்டால், அங்கிருந்து கோட்டின் நிறம் மாறிவிடும். அதனால்தான் 'ஒட்டிழை' என்கிறேன். 'ஒட்டிழை நீக்கம்', 'ஒட்டிழை விகிதம்' என்று சொல் வளரவும் செய்கிறது. 'பிணையிழை' நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் 'பிணைப்பு' வேதியியலில் வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'கலப்பிழை' வேண்டவே வேண்டாம். பிழை என்றுதான் காதில் விழும்.

தங்கச்சி ஒருவர் எழுதிய 'இழைத்தாவல்' நல்ல சொல், ஆனால் அது நிகழ்வுக்கு. சேதமான டி.என்.ஏவில் நொதி இப்படித் தாவுவதை 1990-இல் தொல்லுயிர் டி.என்.ஏ ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோ குழுவினர் காட்டினார்கள். அந்த இடத்தில் இது கச்சிதமாக உட்காரும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. வெவ்வேறு வார்ப்புருவிலிருந்து வந்த இரண்டு முழு இழைகள் ஜோடி சேர்ந்துவிடுவதும் உண்டு. அதில் எந்த இழையிலும் ஒட்டு இல்லை, அதனால் அதை ஒட்டிழை என்று எழுதிவிடக் கூடாது. 'வேற்றிரட்டை' என்று வைத்தால் சரிப்படுமா? சொல்லுங்க ஐயா.