அப்பத்தா வைத்த மேமாதப் பூ மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

வளவுவீடு:
கானாடுகாத்தானுக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டின் பின்கட்டு மதிலிலிருந்து நான்கடி தள்ளி, அப்பத்தா வைத்த மேமாதப் பூ மரம் (குல்மோகர்) நிற்கிறது. மதிலில் இப்போது விரிசல் ஓடியிருக்கிறது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், விழும் மழைநீரை ஊரணிக்குக் கொண்டுபோகும் வடிகாலுக்குள்ளும் வேர் புகுந்துவிட்டது. கொத்தனார் மரத்தை எடுத்துவிடச் சொல்கிறார். பெரியவர்களோ இது வாதநாராயணன் என்றும், இலை மூட்டுவலிக்கு மருந்து என்றும் சொல்லித் தடுக்கிறார்கள். ஊரே காய்ந்து கிடக்கும் சித்திரையில் இந்த மரம் மட்டும் சிவந்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து வருகிறவன் நான். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

செம்மண்காடு:
ஐயா, முதலில் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாதநாராயணனும் இதுவும் டெலோனிக்ஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், இரண்டும் வேறு வேறு மரங்கள். வாதநாராயணனின் பூ வெளிறிய நிறத்தில் மலர்ந்து, பின்னர் மஞ்சளாக மாறும், சிவந்து பூப்பதில்லை. ஆகவே உங்கள் மரத்தின் இலையை அந்த மருந்தாக எண்ணி யாரும் உண்ண வேண்டாம்.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அத்தீவின் வடக்கிலும் மேற்கிலும், ஆண்டில் பாதிக்கு மேல் மழை காணாத காடுகளில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையே இது தானாக வளர்கிறது. 1829இல்தான் இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. கோடையில் இலை உதிர்த்துவிட்டுப் பூக்கும் பழக்கம் அந்த வறண்ட காட்டிலிருந்து வந்தது. நம் செட்டிநாட்டு வெயில் அதற்குப் பழகிய வெயில்தான். உலகமெங்கும் சாலையோரங்களில் நிழல் தரும் இம்மரம், பிறந்த காட்டில் கரிக்காக வெட்டப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஆனால் இதன் வேர் ஆழமாக இறங்காமல் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே அகலமாகப் படரும் என்பதால், நான்கடி இடைவெளியில் நிற்கும் மரத்திடமிருந்து சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய மதிலைக் காப்பது கடினம்.

அரிமளத்தான்:
2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் வீசியபோது, எங்கள் வீட்டு மேமாதப் பூ மரம் வேரோடு சாய்ந்து ஓட்டுக் கூரையின் ஒரு பகுதியை நொறுக்கிவிட்டது. கிளைகளும் எளிதில் முறியக்கூடியவை. மதிற்பக்கத்து வேரை மட்டும் வெட்டிவிட்டு மரத்தை நிறுத்திவைக்க எண்ணாதீர்கள். ஒருபக்கப் பிடிப்பை இழந்த மரம் அடுத்த காற்றுக்கே விழலாம்.

செம்மண்காடு:
அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வெட்டும் முன் முற்றிய காய்களைப் பறித்து வையுங்கள். வாள் போன்று நீண்ட அந்தக் காய்க்குள் இருக்கும் விதைகளின் தோல் மிகக் கடினமானது. எனவே அவற்றைச் சுடுநீரில் போட்டு ஒருநாள் ஊறவைத்த பிறகு விதைக்க வேண்டும். கன்றை வீட்டிலிருந்தும் வடிகாலிலிருந்தும் குறைந்தது முப்பதடி தள்ளி நடுங்கள். விதைக்கன்று பூக்க ஐந்தாறு ஆண்டுகளோ, அதற்கு மேலுமோ ஆகலாம்.

வளவுவீடு:
இருவருக்கும் நன்றி. காய்கள் இன்னும் மரத்திலேயே தொங்குகின்றன. எங்கள் தோப்பின் மேற்கு மூலை வெறுமையாகத்தான் கிடக்கிறது. கன்றை அங்கே ஊன்றிய பிறகே கொத்தனாரை வரச் சொல்லப்போகிறேன்.