மனிதர்தானா என்று கேட்ட பெட்டி: உலாவி வழியே வரும் தீநிரல்கள், நம் அனுபவங்கள்

என் அத்தையின் வீட்டுக் கணினியில் கண்டதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பழைய அச்சுப்பொறி ஒன்றின் கையேட்டைத் தேடி அவர் திறந்த பக்கத்தில், "நீங்கள் மனிதர்தானா என்று உறுதிசெய்யுங்கள்" என்னும் வழக்கமான பெட்டி தோன்றியிருக்கிறது. அதைச் சொடுக்கியதும் படங்கள் எவையும் வரவில்லை; விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தவும், பின்னர் கன்ட்ரோல், வி விசைகளை அழுத்தவும், கடைசியாக என்டர் தட்டவும் என்ற குறிப்புகளே வந்தன. "இதையெல்லாம் அழுத்தச் சொல்கிறதே, அழுத்தலாமா?" என்று அவர் கேட்டது மிக நல்ல கேள்வி.

முதல் இரு விசைகள் கட்டளைகளை இயக்கும் 'ரன்' பெட்டியைத் திறப்பவை; அடுத்த இரண்டும் நகலெடுத்து வைத்திருப்பதை ஒட்டுபவை. அந்தப் பெட்டியில் ஒட்டாமல், நோட்பேடைத் திறந்து அங்கே ஒட்டிப் பார்த்தோம். விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் பெயரில் தொடங்கி, அறிமுகமில்லாத முகவரியிலிருந்து ஒரு நிரலை இறக்கி இயக்கும் கட்டளை அதில் இருந்தது. பெட்டியைச் சொடுக்கிய கணத்திலேயே பக்கம் அந்த வரியை, நகலெடுத்தவை தங்கும் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. கிளிக்ஃபிக்ஸ் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் அழைக்கும் இந்த உத்தி 2024 முதல் பெரிதும் பரவியுள்ளது. இன்றைய உலாவிகள் பக்கங்களைக் கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து அடைத்தே இயக்குகின்றன. அந்த அடைப்பை உடைப்பது கடினம் என்பதால்தான், கட்டளையை வெளியே கொண்டுசெல்லும் வேலையை நம் கைகளிடமே ஒப்படைக்கிறார்கள். ஆகவே, உலாவிக்கு வெளியே எதையேனும் செய்யச் சொல்லும் பக்கம் எதுவாயினும் அதை உடனே மூடிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வழியில் வருபவை பெரும்பாலும் தகவல் திருடும் நிரல்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, உள்நுழைந்திருப்பதற்குச் சான்றான குக்கீகள் என்னும் சிறு தரவுகளையும் அவை எடுத்துச் செல்வதால், இருபடிச் சரிபார்ப்பு இருந்தும் கணக்கு பறிபோகக்கூடும். யாரேனும் என்டரைத் தட்டிவிட்டிருந்தால், கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்தவும் மறவாதீர்கள்.

மற்றோர் உறுப்பினர்:

என் தந்தையின் கணினியில் நடந்தது வேறு வகை. எந்தத் தளமும் திறந்திராதபோதும், திரையின் வலது மூலையில் வைரஸ் எச்சரிக்கைகள் தொடர்ந்து எழும்பின. முழுமையாகச் சோதித்தும் ஆன்டிவைரஸ் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்போதோ ஒரு தளம் கேட்ட அறிவிப்பு அனுமதியை அவர் கொடுத்திருந்ததே காரணம். குரோம் அமைப்புகளில் தளங்களுக்கான அனுமதிப் பகுதிக்குச் சென்று, அறிவிப்புகளின் கீழிருந்த அந்த முகவரியை நீக்கியதும் அவை நின்றுவிட்டன. அவற்றில் ஒன்றைச் சொடுக்கியபோது தொலைபேசி எண்ணுடன் முழுத்திரை எச்சரிக்கையும் வந்தது. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசாப்ட் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஒன்றையாவது சொல்லிவையுங்கள்.

இன்னோர் உறுப்பினர்:

தேடல் முடிவுகளுக்கு மேலே வரும் விளம்பரங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் தம்பி காணொளிகளை ஓடவிடும் ஒரு நிரலைத் தேடி, முதலில் வந்த இணைப்பிலிருந்து கோப்பை இறக்கினான். அவனுடைய அன்றாடக் கணக்குக்கு நிர்வாகி உரிமை இல்லாததால், நிறுவும்போது நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்பட்டது. அவன் என்னை அழைத்தான். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. இத்தகைய போலி விளம்பரங்களைச் சுட்டிக்காட்டித்தான், உலாவியில் சேர்க்கும் விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆயினும் முதலில் எழுதியவர் குறிப்பிட்ட தகவல் திருடிகளுள் பல நிர்வாகி உரிமை இல்லாமலே இயங்கக்கூடியவை; எனவே தம்பியின் கணக்குக்கு நிர்வாகி உரிமை இல்லை என்பதோடு நில்லாமல், உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களையும் தனிக் கடவுச்சொல் மேலாளர் செயலிக்கு மாற்றிவிட்டோம்.